சிறிய நாயைக் கயிற்றை இழுக்காமல் நடக்கப் பழக்குவது: கூடத்திலிருந்து தெரு வரை

நாலரைக் கிலோ எடையுள்ள நாய் முழுப் பலத்தோடு இழுத்தாலும் நம் கைக்கு அது பெரிதாகத் தெரியாது. லேப்ரடார் இழுத்தால் தோள்பட்டை வலிக்கும். அந்த வலிக்காகவே வளர்ப்பவர் பயிற்சி கொடுத்துவிடுவார். பொமரேனியனோ பக் நாயோ இழுத்தால் "சின்னதுதானே, போகட்டும்" என்று நாமும் பின்னாலேயே போய்விடுகிறோம். அந்த இழுப்பு முழுவதும் அதன் கழுத்தில்தான் இறங்குகிறது.

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில் இருக்கிறோம். எங்கள் புஜ்ஜி பொமரேனியன். அவளைப் பழக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. பிறகு இதே குடியிருப்பில் ஐந்தாறு வீட்டு நாய்களுக்கு உடனிருந்து உதவினேன். அநேகமாக எல்லோருமே ஒரே இடத்தில் தடுக்கினார்கள்: முதல் நாளே தெருவில் தொடங்கினார்கள். தெருதான் கடைசிப் பாடம். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கயிறு தளர்ந்து தொங்கினால் நடை தொடரும். இறுகினால் நடை நிற்கும். மற்றதெல்லாம் இந்த விதியை நாய்க்குப் புரியவைக்கும் வழிகள்தாம்.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

மார்புப் பட்டை: கடைகளில் பாடி பெல்ட் என்றோ ஹார்னஸ் என்றோ கேட்டால் தருவார்கள். கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டிப் பழக்க வேண்டாம். பொமரேனியன், சிவாவா, ஷிட்சூ, யார்க்‌ஷயர் டெரியர், பக் போன்ற சிறிய இனங்களுக்கு மூச்சுக்குழாய் வளையங்கள் தளர்ந்து தட்டையாகும் கோளாறு வர வாய்ப்பு அதிகம். கழுத்தை இழுக்க இழுக்க அது மோசமாகும். வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமல் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பக் நாய்க்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் கண்குழி ஆழமற்றது. கழுத்து இறுகினால் கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறும். கழுத்துப் பட்டை பெயர் வில்லையைத் தாங்க மட்டும் இருக்கட்டும்.

மார்புப் பட்டை முன்புறத்தில் ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் நெஞ்செலும்பின் மேல் படிய வேண்டும். தோள்களின் குறுக்கே பட்டையாக ஓடும் வகை முன்னங்கால்களை வீசி நடக்கவிடாது. பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நெஞ்சில் ஒரு வளையம், முதுகில் ஒரு வளையம் என இரண்டும் உள்ளதாக வாங்குங்கள். காரணத்தை இரண்டாம் பகுதியில் சொல்கிறேன்.

கயிறு: ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளத்தில், விரல் அகலத்தில், லேசான நைலான் அல்லது பருத்திக் கயிறு. கொக்கியும் சிறியதாக இருக்கட்டும். இரும்புச் சங்கிலி வேண்டவே வேண்டாம். அதன் எடை எப்போதும் நாயின் மேல் தொங்கிக்கொண்டிருப்பதால் தளர்வுக்கும் இறுக்கத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். பொத்தானை அழுத்தினால் சுருண்டு உள்ளே போகும் கயிறும் வேண்டாம். உள்ளே இருக்கும் சுருள்வில் எந்நேரமும் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். நாய் இழுத்தால் நீளம் கிடைக்கும். எந்தப் பழக்கத்தை மறக்கடிக்கப் பார்க்கிறோமோ அதையே அது சொல்லிக்கொடுக்கிறது.

தீனி: உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி. துவரம்பருப்பு அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். நமக்கு அது தூசி. நாலு கிலோ நாய்க்கு அது ஒரு கவளம். பயிற்சித் தீனி ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அந்த அளவைத் தட்டில் குறைத்துவிடுங்கள். குழம்பிலிருந்து எடுத்த துண்டுகளைக் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் அப்படித்தான்.

நீளக் காம்புள்ள மரக்கரண்டி ஒன்று. கொஞ்சம் கெட்டித்தயிர். ஒரு சிவப்பு ரிப்பன் துண்டு.

குட்டிக்குத் தடுப்பூசிகள் முடியாவிட்டால் தெருவுக்கு இறங்கும் நாளை மருத்துவர் சொல்லட்டும். ஆனால் 3 முதல் 6 வரையுள்ள படிகளை வீட்டுக்குள்ளேயே செய்துவிடலாம். காத்திருக்க வேண்டிய வாரங்கள் வீணாகாது.

2. வீட்டார் எல்லோரும் ஒரே விதிக்கு வருவது

பகலெல்லாம் நீங்கள் பழக்குகிறீர்கள். விடியற்காலையில் பால் வாங்கப் போகும் தாத்தா நாயையும் கூட்டிக்கொண்டு, அது இழுத்த பக்கமெல்லாம் போய்வருகிறார். இப்படி நடக்கும் வீட்டில் பயிற்சி பலிக்காது. பத்து முறையில் ஒரு முறை இழுத்துப் பலன் கிடைத்தாலும் நாய் அந்த ஒரு முறைக்காக மற்ற ஒன்பது முறையும் இழுத்துப் பார்க்கும்.

ஆனாலும் நாய் சிறுநீர் கழிக்க வெளியே போயாக வேண்டும். இங்கே சிறிய நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: தூக்கிக்கொண்டு போகலாம். முதல் இரண்டு வாரம் நாயைத் தூக்கிப் போய் அதன் வழக்கமான இடத்தில் இறக்கிவிடுங்கள், வேலை முடிந்ததும் தூக்கி வாருங்கள்.

தூக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் கயிற்றை முதுகு வளையத்தில் மாட்டட்டும். பயிற்சி நேரத்தில் மட்டும் நெஞ்சு வளையம். நெஞ்சில் மாட்டினால் விதி உண்டு, முதுகில் மாட்டினால் இல்லை என்று நாய் சில நாட்களில் பிரித்தறிந்துகொள்ளும். பழக்கம் ஊன்றிய பிறகு முதுகு வளையத்துக்கும் அதே விதியைக் கொண்டுவரலாம்.

3. பட்டையை உடலுக்குப் பழக்குவது

மூன்று, நான்கு நாள் இதற்கே ஒதுக்குங்கள். முதல் நாள் பட்டையைத் தரையில் வைத்து அதன் மேல் தீனியைப் போடுங்கள். மறுநாள் கழுத்துத் துளையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் தீனியைக் காட்டுங்கள்; தலையை அது தானாக நுழைக்கட்டும். பிறகு கொக்கியைப் பூட்டி, இரண்டு நிமிடம் கழித்துக் கழற்றிவிடுங்கள்.

பிடித்து அமுக்கி மாட்டினால் பட்டையைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஓடும் நாய் உருவாகும். சில நாய்கள் பட்டை மாட்டியதும் சிலையாக நின்றுவிடும். அதை அடக்கம் என்று நினைக்கிறார்கள், அது பயம். ஒரு படி பின்னால் போய் மெதுவாக வாருங்கள்.

4. ஒரு சொல்லைக் காசாக்குவது

"சபாஷ்" என்று சொன்ன உடனே தீனி. இருபது விநாடி கழித்து மறுபடி "சபாஷ்", மறுபடி தீனி. ஒரு வேளைக்குப் பத்து முறை, இரண்டு நாள். சொல்லைக் கேட்டதும் நாய் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கினால் போதும்.

நாய் சரியாகச் செய்த நொடிக்கும் நாம் குனிந்து தீனி கொடுக்கும் நொடிக்கும் இடைவெளி விழுகிறது. அதற்குள் நாய் வேறு எதையாவது செய்துவிடும். "இதற்காகத்தான் உனக்குத் தீனி" என்று சரியான நொடியைச் சுட்டிக்காட்டவே இந்தச் சொல். வீட்டில் எல்லோரும் இதே சொல்லையே சொல்ல வேண்டும். வேறு பேச்சில் இதைப் பயன்படுத்தக் கூடாது.

5. காலருகே ஓர் இடம், கயிறு இல்லாமல்

முதலில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். நம் தெருக்கள் பலவற்றில் நடைபாதை இல்லை. வண்டிகளை எதிர்நோக்கி வலது ஓரமாக நடப்பவர் என்றால் நாய் உங்கள் வலப்பக்கம் இருப்பதுதான் பாதுகாப்பு. வண்டிக்கும் நாய்க்கும் நடுவே நீங்கள் இருப்பீர்கள். நான் அப்படித்தான் பழக்கினேன்.

கூடத்தில் மின்விசிறியைத் தவிர வேறு சத்தம் இல்லாத நேரத்தில் மெதுவாக நடங்கள். நாய் தானாக வலக்காலருகே வந்த நொடியில் "சபாஷ்". தீனியை உங்கள் காலோடு ஒட்டி, நாயின் வாய் உயரத்தில் கொடுங்கள். நாய்க்கு, தீனி கிடைக்கும் இடமே பிடித்த இடம். முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால் ஓடக் கற்றுக்கொள்ளும். நெஞ்சுயரத்தில் பிடித்தால் குதிக்கக் கற்றுக்கொள்ளும்.

சிறிய நாய்க்காரர்கள் கைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொரு துணுக்குக்கும் தரை வரை குனிந்தால் ஐந்து நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதைவிட, நாம் குனிந்தவுடன் நாய் நம் முகத்தைப் பார்க்க முன்னால் வந்து குறுக்கே நின்றுவிடும், நடை அறுந்துபோகும். அதற்குத்தான் மரக்கரண்டி. நுனியில் தயிரைத் தடவி, காலோடு ஒட்டிக் கீழே இறக்குங்கள். நடந்துகொண்டே ஒரு நக்கு நக்கும். உடனே கரண்டியை உயர்த்திவிடுங்கள். அடுத்த வீட்டில் முழங்கால் வலியுள்ள ஓர் அம்மா பக் குட்டி வைத்திருக்கிறார். இந்தக் கரண்டி இல்லாவிட்டால் அவர் இரண்டாம் நாளே விட்டிருப்பார்.

கரண்டியை முன்னால் நீட்டி அதைப் பின்தொடர வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் நாய் கரண்டியோடு நடக்கும், உங்களோடு நடக்காது. கரண்டி மேலேயே இருக்க வேண்டும். சொல் வந்த பிறகுதான் இறங்க வேண்டும்.

ஒரு வேளைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. அதற்கு மேல் சிறிய நாய்க்குக் கவனம் நிற்காது.

6. இறுக்கம் என்றால் என்ன என்று கற்றுக்கொடுப்பது

பலர் தாண்டிவிடும் படி இது. எந்த நாயும் தன்னை ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கம் சாயும்; அது அதன் இயல்பு. நாம் பின்னால் இழுப்பதால்தான் அது முன்னால் பாய்கிறது. ஆகவே, இறுக்கம் வந்தால் அந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதைத் தனியாகப் பழக்க வேண்டும்.

கூடத்திலேயே கயிற்றை மாட்டுங்கள். நூலில் கட்டிய காகிதத்தை நகர்த்தும் அளவுக்கு மிக மிக லேசாக ஒரு பக்கம் இறுக்கம் கொடுத்து அப்படியே காத்திருங்கள். விசையைக் கூட்ட வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். நாய் அந்தப் பக்கம் அரை அடி எடுத்து வைத்த நொடியில் கயிற்றைத் தளர்த்தி "சபாஷ்" சொல்லித் தீனி கொடுங்கள். முதல் முறை அரை நிமிடம்கூட ஆகலாம். இரண்டு, மூன்று நாட்களில் கயிறு லேசாக இறுகும்போதே திரும்பி வரும். பின்னர் தெருவில் நாய் எதையோ பார்த்து நின்றுவிட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது இந்தப் பாடம்தான்.

7. வராந்தாவும் மொட்டை மாடியும்: நிற்பது, திரும்புவது

பயிற்சியின் நடுப்பகுதி இது. பத்து நாளாவது ஆகும்.

கயிற்றின் கைப்பிடியை இடக்கைக் கட்டைவிரலில் மாட்டி, மற்ற விரல்களால் மூடி, கையைத் தொப்புளோடு ஒட்டி வையுங்கள். கை அங்கேயே இருக்க வேண்டும். நாய் இழுக்கும்போது கை நீண்டால், இழுத்தால் ஒரு முழம் கிடைக்கும் என்ற பாடம் ஏறிவிடும். பெரிய நாயானால் நம் கை நீள்வதை உணர்வோம். சிறிய நாய் நம் கையை நமக்குத் தெரியாமலேயே இழுத்துக்கொண்டு போகும். அதனால் கையை நம்பாமல் கண்ணை நம்புங்கள். கயிற்றின் நடுவில் சிவப்பு ரிப்பனைக் கட்டுங்கள். ரிப்பன் தாழ்ந்து தொங்கினால் தளர்வு. கைக்கும் நாய்க்கும் நேர்கோட்டில் வந்துவிட்டால் இறுக்கம்.

ரிப்பன் நேரானதும் நில்லுங்கள். திட்டாதீர்கள், வெட்டி இழுக்காதீர்கள். நாய் திரும்பிப் பார்த்தோ ஓரடி பின்வாங்கியோ கயிறு தளர்ந்தால் "சபாஷ்" சொல்லி நடையைத் தொடருங்கள். தீனி உடனே வேண்டாம். மூன்று அடி காலருகே நடந்த பிறகு கொடுங்கள்.

ஏன் மூன்று அடி? இந்த நுணுக்கம் தெரியாமல் புஜ்ஜியிடம் நானே ஒரு வாரத்தை இழந்தேன். அவள் திரும்பி வந்தவுடன் தீனி கொடுத்தேன். அவள் கற்றுக்கொண்டது இது: ஓடிப்போய் இழு, திரும்பி வா, தின்னு, மறுபடி ஓடு. நாய் தனித்தனிச் செயல்களை மட்டும் கற்பதில்லை, கோவையாகவே கற்கிறது. அந்தக் கோவையில் இழுப்பும் ஒரு மணியாகிவிட்டது. திரும்பி வந்ததற்கும் தீனிக்கும் நடுவே மூன்று, பிறகு ஐந்து, பிறகு எட்டு அடி என்று கூட்டிய பிறகுதான் அது அறுந்தது.

நின்று நின்று அலுத்தால் திரும்புங்கள். ரிப்பன் எழும்பத் தொடங்கும்போதே, நேராவதற்கு முன்பே, "வா வா" என்று மகிழ்ச்சியாகக் கூப்பிட்டு எதிர்த்திசையில் நடங்கள். இறுகிய பிறகு திரும்பினால் நாய் இழுபட்டுப் பின்னால் வரும். நாம் இழுப்பதும் இழுப்புதான்.

சில நாள் நன்றாகப் போன பிறகு திடீரென்று முன்னைவிட மூர்க்கமாக இழுக்கும். பலர் மனம் உடைந்து விடுவது இந்தக் கட்டத்தில். இத்தனை நாள் பலித்த வழி ஏன் பலிக்கவில்லை என்று நாய் கடைசியாக ஒருமுறை முழு மூச்சாக முயன்று பார்க்கிறது. அப்போது ஒரே ஒரு முறை விட்டுக்கொடுத்தாலும், இன்னும் பலமாக இழுத்தால் போதும் என்று கற்றுக்கொள்ளும். நில்லுங்கள்.

வராந்தாவில் ஐந்து முறையில் நான்கு முறை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தளர்ந்த கயிற்றோடு வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

8. கதவு

பாதி இழுப்பு கதவிலேயே தொடங்கிவிடுகிறது. கயிற்றைக் கையில் எடுத்ததும் குதித்தால் கயிற்றை மாட்டிவிட்டுச் சோபாவில் உட்காருங்கள். அடங்கியதும் எழுங்கள். கதவைத் திறக்கும்போது பாய்ந்தால் மூடிவிடுங்கள். முதல் நாள் கீழே போய்ச் சேரவே இருபது நிமிடம் ஆகும். நேரம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கியிலிருந்து எப்போதும் நீங்கள் முதலில் வெளியே வந்து இருபுறமும் பாருங்கள். கயிறு கதவிடுக்கில் சிக்குவது சிறிய நாய்க்கு உயிராபத்து.

9. தெரு

விடியற்காலை போங்கள், அல்லது இருட்டியபின் தரை ஆறும் நேரத்தில் போங்கள். கத்தரி வெயில் நாட்களில் தார்ச்சாலை மாலையிலும் கொதிக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. குட்டை நாயின் வயிறு சாலைக்கு ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது. சூடு கீழிருந்து அடிக்கும். பக், ஷிட்சூ போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சு முட்டுவதும் சீக்கிரமே நேரும்.

முதல் வாரம் வாசலுக்கு முன்னால் இருபது அடி மட்டும். போய்த் திரும்பி, போய்த் திரும்பி வாருங்கள்.

தெருவில் தீனியைவிடப் பெரிய பரிசு மோப்பம். மின்கம்பத்தடி, குப்பைத்தொட்டி, மீன்காரர் தண்ணீர் கொட்டிய இடம் எல்லாம் நாய்க்குப் பொக்கிஷம். அவற்றைத் தடுக்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நாய் கம்பத்தை நோக்கிச் சாய்ந்தால் நில்லுங்கள். தளர்ந்தால் இரண்டு அடி முன்னால் போங்கள். மறுபடி இறுகினால் இரண்டு அடி பின்னால் வாருங்கள். தளர்ந்த கயிற்றோடு போய்ச் சேர்ந்ததும் "போ, பார்" என்று சொல்லி ஆசை தீர மோந்து பார்க்க விடுங்கள். இழுத்தால் கம்பம் விலகுகிறது, தளர்த்தினால் நெருங்குகிறது. நாய்க்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மோப்பம் பிடிக்க விடாமல் வேகநடை போடுபவர்களின் நாய்தான் அதிகம் இழுக்கிறது.

பூனை, மீன் வண்டி, பந்து விளையாடும் பிள்ளைகள் ஆகியவற்றுக்குத் தொலைவுதான் மருந்து. நாய் அதைப் பார்த்தும் உங்கள் கையிலிருந்து தின்னும் தொலைவில் தொடங்குங்கள். தீனியைக் கண்டுகொள்ளவில்லை என்றால் மிக அருகில் போய்விட்டீர்கள் என்று பொருள். பின்வாங்குங்கள்.

10. தெருநாய்கள் எதிரே வந்தால்

தொலைவில் கண்டவுடனே வளைந்து போங்கள் அல்லது திரும்பிவிடுங்கள். தீனியையும் கரண்டியையும் பைக்குள் வையுங்கள். வாசனைக்கே அவை நெருங்கிவரும். பதற்றத்தில் கயிற்றைச் சுருட்டி இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இறுகிய கயிற்றில் நாயின் நெஞ்சு நிமிர்ந்து முன்கால்கள் விறைக்கும். எதிரே நிற்கும் நாய்க்கு அது சண்டைக்கான அறைகூவல்போலத் தெரியும்.

தூக்கியே ஆக வேண்டுமென்றால் அவை நெருங்குவதற்கு முன்பே குனிந்து, நெஞ்சுக்கடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் வாளி இறைப்பதுபோல் தூக்கவே கூடாது. ஓடாமல் மெதுவாக விலகுங்கள். உங்களுக்குக் கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் நாய்க்குப் பட்டால் அதே நாளில் கால்நடை மருத்துவரிடம்.

11. பயத்தில் இழுக்கும் நாய்

வால் கால்களுக்கிடையில், காதுகள் பின்னால், தீனியைத் திரும்பிப் பார்ப்பதில்லை, வீட்டுப் பக்கமாகவே இழுக்கிறது. இந்த நாய்க்கு மேலே சொன்ன நில்லுங்கள் விதி பொருந்தாது. பயப்படும் இடத்தில் நிறுத்திவைத்தால் பயம் கூடும். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். மறுநாள் வாசலில் நீங்கள் உட்கார்ந்து, நாயை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் தெருவைப் பார்க்க விடுங்கள். ஆட்டோ போகும்போதெல்லாம் ஒரு துணுக்கு. இப்படிச் சில வாரம் போக வேண்டியிருக்கும்; அவசரப்படாதீர்கள்.

12. தீனியைக் குறைப்பதும், பழக்கம் தளர்ந்தால் மீட்பதும்

தெருவில் இரண்டு வாரம் ஒழுங்காக நடந்த பிறகு தீனியை ஒழுங்கில்லாமல் ஆக்குங்கள். நான்கு அடிக்கு ஒன்று, பிறகு இருபது அடிக்கு, பிறகு ஏழு அடிக்கு. எப்போது வரும் என்று தெரியாததால் காலருகே காத்திருக்கும். "சபாஷ்" மட்டும் எப்போதும் இருக்கட்டும். ஒரேயடியாகத் தீனியை நிறுத்தியவர்கள் எல்லோரும் ஒரு மாதத்தில் என்னிடம் திரும்பி வந்தார்கள்.

தீபாவளி வெடிச்சத்தத்துக்குப் பிறகோ, மழைக்காலத்தில் பத்து நாள் வெளியே போகாமல் இருந்த பிறகோ பழைய இழுப்பு தலைகாட்டும். நாய் மறந்துவிட்டது என்று கோபப்பட வேண்டாம். வராந்தாவுக்குத் திரும்பி இரண்டு நாள் ஏழாம் படியைச் செய்யுங்கள். நனைந்த மார்புப் பட்டையை நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரப்பட்டை அக்குளில் உராய்ந்து புண்ணாக்கும், அந்த வலியிலேயே நாய் விலகி இழுக்கும். மழை விட்ட முதல் நாள் காலையில், தெருவுக்கு இறங்கும் முன் புஜ்ஜியும் நானும் இப்போதும் ஐந்து நிமிடம் வராந்தாவில் மரக்கரண்டியோடு நடக்கிறோம்.